பயத்துக்கும் மருந்து உண்டு

"நாளைக்குக் காலையில பல்லு டொக்டரிட்டப் போகணும்" என்று உம்மா சொன்ன இரவு, உங்களில் சிலருக்கு வயிற்றைப் பிசையும். நோவது கடைவாய்ப் பல், பிசைவது வயிறு. உள்ளங்கை வியர்க்கும். நாக்கு வறண்டு போகும். புரண்டு புரண்டு படுத்தாலும் தூக்கம் வராது. விடிந்ததும், "இப்ப நோவில்ல உம்மா, சுகமாயிட்டு" என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பீர்கள். ஓட்டமாவடியில் மட்டுமல்ல, உலகத்தில் எந்த ஊர்ப் பிள்ளையும் இதைத்தான் செய்கிறது. பெரியவர்களிலும் எத்தனையோ பேர் இதே சாக்குச் சொல்லி வருடக்கணக்கில் சூத்தைப் பல்லோடு இருக்கிறார்கள்.

இதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பயம் என்பது உடம்பில் உண்மையாக நடக்கிற ஒரு வேலை. நாடித்துடிப்பில் அதை எண்ணிப் பார்க்கலாம்.

மூளையின் உட்பகுதியில் அமிக்டலா என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. ஆபத்து வருகிறது என்று அது கணித்தால், சிறுநீரகங்களின் மேலே தொப்பி போட்டாற்போல் உட்கார்ந்திருக்கும் அதிரீனல் சுரப்பிகளுக்கு உத்தரவு போகும். அவை அதிரீனலினை இரத்தத்தில் விடும். இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு குறுகும். இரத்தம் வயிற்றுப் பக்கம் குறைந்து கை கால் தசைகளுக்குக் கூடுதலாகப் போகும். வயிறு பிசைவது அதனால்தான். எச்சில் சுரப்பு குறைவதால் வாய் வறளும். நாய் துரத்தும்போது இவ்வளவும் உங்களைக் காப்பாற்றும். பல் வைத்தியரின் கதிரையிலோ ஓடுவதற்கு இடமில்லை. ஓடத் தயாரான உடம்பு, ஓட முடியாமல் விறைத்துப்போய்க் கிடக்கும்.

அப்படி விறைத்துக் கிடக்கிற உடம்புக்கு நோவு கூடுதலாகத் தெரியும். "இப்ப நோகப் போகுது, இப்ப நோகப் போகுது" என்று காத்திருக்கும் மூளை, சும்மா விரல் பட்டதைக்கூட நோவாக எடுத்துக்கொள்ளும். இன்னொன்றும் நடக்கும். இங்கிலாந்தில் கென்ட் என்ற உளவியல் ஆய்வாளர், பல் சிகிச்சைக்கு வந்தவர்களிடம் சிகிச்சை முடிந்த உடனேயே எவ்வளவு நொந்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். பயம் அதிகமாக இருந்தவர்கள், அன்று தாங்களே சொன்னதைவிடக் கூடுதலாக நொந்ததாகச் சொன்னார்கள். 1985 இல் வெளியான ஆய்வு இது. பயம் நடந்ததைக் கூட்டி ஞாபகம் வைக்கிறது. கூட்டி வைத்த அந்த ஞாபகம் அடுத்த முறை பயத்தை இன்னும் கூட்டுகிறது. இந்தச் சுழற்சியை எங்காவது ஓரிடத்தில் அறுக்க வேண்டும். அதற்காகத்தான் மருத்துவம் இருநூறு வருடமாகப் பாடுபட்டு வந்திருக்கிறது.

முதலில் பல்லுக்குள் போய்ப் பார்ப்போம். பல்லின் மேல்மூடியான மிளிரி உங்கள் உடம்பிலேயே ஆகக் கடினமான பொருள், எலும்பைவிடக் கடினம். அதில் நரம்பு கிடையாது. மிளிரியை மட்டும் தேய்த்தால் நோகாது. அதற்குக் கீழே பன்முதல். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழாய்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, அவற்றுக்குள் திரவம். சூத்தை மிளிரியைத் துளைத்துப் பன்முதலைத் தொட்டுவிட்டால், ஐஸ் பழம் கடிக்கும்போது அந்தத் திரவம் அசையும். அசைவு உள்ளே இருக்கும் நரம்பு நுனிகளை எட்டும். 'சுரீர்' என்று நீங்கள் துள்ளுவது அப்போதுதான். இந்தச் செய்தியை மூளைக்குக் கொண்டுபோவது ஐந்தாவது மண்டை நரம்பு. முகத்தில் மூன்று கிளையாகப் பிரியும் தடித்த நரம்பு அது.

நோவை நிறுத்த விறைப்பூசி இருக்கிறது. இன்று நம் வைத்தியசாலைகளில் போடுவது பெரும்பாலும் லிக்னோகெயின். சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரன் என்ற வேதியியலாளர் 1943 இல் உருவாக்கிய மருந்து. நரம்பில் செய்தி ஓட வேண்டுமானால் சோடியம் அயன்கள் நரம்புக்குள் நுழைய வேண்டும். இந்த மருந்து அந்த நுழைவழிகளை அடைத்துவிடும். அடைத்தால் செய்தி ஓடாது. ஆனால் ஒன்றை நன்றாக ஞாபகம் வையுங்கள், இதை யாரும் பிள்ளைகளுக்கு ஒழுங்காகச் சொல்வதில்லை. ஊசி போட்ட பிறகும் அழுத்துவதும் தள்ளுவதும் தெரியும். நோவைக் கொண்டுபோகும் மெல்லிய நரம்பு நார்கள் முதலில் அடங்கும், அழுத்தத்தை உணர்த்தும் தடித்த நார்கள் அவ்வளவு சுலபமாக அடங்கா. டொக்டர் பல்லை அசைக்கும்போது "ஊசி வேலை செய்யல்ல" என்று பதறிப்போகும் பிள்ளைகள் நிறைய. பெரும்பாலும் ஊசி வேலை செய்துகொண்டுதான் இருக்கும். உண்மையாகவே கூராக நொந்தால், கையைத் தூக்கினால் போதும், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள்.

விறைப்பூசி நோவை நிறுத்தும், பயத்தை நிறுத்தாது. ஊசியைப் பார்த்தே அலறுகிற பிள்ளைக்கு ஊசியால் என்ன பயன்? பயத்துக்கென்று தனியாக ஒரு வழி தேவைப்பட்டது.

அந்த வழியின் கதை ஒரு வாயுவில் தொடங்குகிறது. நைதரசு ஒட்சைட்டு. இரண்டு நைதரசன் அணு, ஒரு ஒட்சிசன் அணு. நிறமில்லை, இலேசாக இனிக்கும் மணம். இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி 1772 இல் இதை முதலில் தயாரித்தார். 1799 இல் பிரிஸ்டல் நகரத்தில், வாயுக்களை முகர்ந்து நோய் தீருமா என்று சோதிக்கும் ஒரு நிலையத்தில் ஹம்ப்ரி டேவி என்ற இருபது வயது இளைஞர் வேலை செய்தார். அவர் இந்த வாயுவைத் தானே சுவாசித்துப் பார்த்தார். சிரிப்பு வந்தது. அந்த நாட்களில் அவருக்குக் கடைவாய்ப் பல் முளைத்து ஈறு வீங்கி நொந்துகொண்டிருந்தது. வாயுவைச் சுவாசித்தபோது நோவு குறைந்தது. இதைச் சத்திரசிகிச்சையில் பயன்படுத்தலாம் என்று 1800 இல் புத்தகத்திலும் எழுதினார். அப்புறம் நாற்பத்து நாலு வருடம் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அந்த நாற்பத்து நாலு வருடமும் உலகம் முழுவதும் பல்லைப் பிடுங்கியவர்கள் ஆட்களை அமுக்கிப் பிடித்துத்தான் பிடுங்கினார்கள். எனக்கு இன்றைக்கும் வருத்தம் தருகிற இடம் இது. புத்தகத்தில் இருந்த ஒரு வரியை வாசித்து முயன்று பார்க்க ஒருவரும் வரவில்லை.

வாயு வேடிக்கைப் பொருளாகிவிட்டது. அமெரிக்காவில் கார்ட்னர் கோல்ட்டன் என்பவர் ஊர் ஊராகப் போய்ச் சனங்களுக்குச் சிரிப்பூட்டும் வாயுவை முகரக் கொடுத்துக் காட்சி நடத்தினார். 1844 டிசம்பர் 10 அன்று ஹார்ட்போர்ட் நகரத்தில் நடந்த காட்சியில் சாமுவேல் கூலி என்ற இளைஞர் வாயுவைச் சுவாசித்துத் துள்ளித் திரிந்தபோது வாங்கில் மோதிக் காலைக் கிழித்துக்கொண்டார். இரத்தம் ஓடியது. அவரோ ஒன்றும் உணரவில்லை. கூட்டம் சிரித்தது. கூட்டத்தில் இருந்த ஒரேயொருவர் சிரிக்காமல் யோசித்தார். அவர் பெயர் ஹொரஸ் வெல்ஸ், பல் வைத்தியர், வயது 29.

மறுநாளே வெல்ஸ் தன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கச் சொல்லித் தானே கதிரையில் உட்கார்ந்தார். கோல்ட்டன் வாயுப் பையைப் பிடித்தார், ஜோன் ரிக்ஸ் என்ற சக பல் வைத்தியர் பல்லைப் பிடுங்கினார். வெல்ஸுக்கு நோகவில்லை. தன் நோயாளிக்குக் கொடுப்பதற்கு முன் தன் உடம்பில் பார்த்த மனிதர் அவர். அந்த ஒன்றுக்காகவே அவரைப் பற்றி நீங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு வந்தது தோல்வி. 1845 ஜனவரியில் பொஸ்டன் நகரத்தில் மருத்துவ மாணவர்கள் முன்னிலையில் வெல்ஸ் செய்து காட்டினார். வாயுப் பையைக் கொஞ்சம் முந்தி எடுத்துவிட்டார்கள். பல்லைப் பிடுங்கும்போது நோயாளி கத்தினார். மாணவர்கள் ஏமாற்று என்று கேலி செய்தார்கள். அடுத்த வருடம், 1846 ஒக்டோபர் 16 அன்று, வெல்ஸின் பழைய கூட்டாளியான வில்லியம் மோர்ட்டன் அதே நகரத்தில் ஈதர் என்ற இன்னொரு மருந்தைக் கொடுத்து வெற்றி பெற்றார். புகழ் அவருக்குப் போனது. வெல்ஸ் மனமுடைந்து 1848 இல், 33 வயதில் இறந்தார். அவர் இறந்து பதினாறு வருடம் கழித்து, 1864 இல், அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம் இந்தக் கண்டுபிடிப்பு அவருடையதே என்று ஏற்றுக்கொண்டது.

பொஸ்டனில் பிழைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பின்னால்தான் விளங்கிக்கொண்டார்கள். அந்த நாட்களில் பையில் இருந்தது வெறும் நைதரசு ஒட்சைட்டு, ஒட்சிசன் இல்லை. ஆளை முழுதாக மயக்கும் அளவுக்கு அதற்கு வலு கிடையாது. வலு வேண்டுமென்று கூடுதலாகக் கொடுத்தாலோ மூச்சுக்கு ஒட்சிசன் இல்லாமல் முகம் நீலம் பாரித்துவிடும். 1868 இல் சிக்காகோவின் எட்மண்ட் அண்ட்ரூஸ் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் அதோடு ஒட்சிசனைக் கலந்து கொடுக்கலாம் என்று காட்டினார். பார்த்தால் சின்ன யோசனை. இன்றைக்கு உலகமெங்கும் பிள்ளைகளுக்குப் பயமில்லாமல் பல் சிகிச்சை செய்ய இந்த வாயுவைப் பயன்படுத்த முடிகிறதென்றால், அந்தச் சின்ன யோசனைதான் அடிப்படை.

இப்போது அதை எப்படிக் கொடுக்கிறார்கள்? மூக்கில் மட்டும் பொருந்தும் மென்மையான ஒரு முகமூடி. வாய் திறந்திருக்க வேண்டுமே, அதனால் மூக்கில். முதலில் சுத்தமான ஒட்சிசன். பிறகு நைதரசு ஒட்சைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 50 வீதத்தைத் தாண்ட மாட்டார்கள். நல்ல இயந்திரம் ஒட்சிசனை 30 வீதத்துக்குக் கீழே போகவிடாதபடி செய்யப்பட்டிருக்கும். ஒட்சிசன் தீர்ந்தால் மற்ற வாயுவும் தானாக நின்றுவிடும். நாம் வழக்கமாகச் சுவாசிக்கும் காற்றில் ஒட்சிசன் 21 வீதம்தான். அப்படியென்றால் அந்த முகமூடிக்குள் இருக்கும் பிள்ளைக்கு, வாவிக்கரையில் நின்று காற்று வாங்குகிற பிள்ளையைவிடக் கூடுதலான ஒட்சிசன் கிடைக்கிறது.

இரண்டு மூன்று நிமிடத்தில் விரல் நுனிகள் கூசும். உடம்பு இதமாகச் சூடாகும். சத்தங்கள் தூரத்தில் கேட்பதுபோல் இருக்கும். பிள்ளை தூங்காது. "வாயைத் திற மகள்" என்றால் திறக்கும், பெயர் கேட்டால் சொல்லும். பயம் மட்டும் இறங்கியிருக்கும். அப்போது விறைப்பூசி போடுவார்கள். ஊசிக்குப் பதிலாக இந்த வாயு வருவதில்லை, ஊசிக்கு முன்னால் வருகிறது. மூளையில் நோவுச் செய்தி கடந்துபோகும் சில இடங்களை அது தடுக்கிறது. உடம்பு தானாகவே தயாரிக்கும் நோவடக்கிப் பொருட்களையும் வெளியே விடச் செய்கிறது. வேலை முடிந்ததும் மறுபடி சில நிமிடம் சுத்தமான ஒட்சிசன். இந்த வாயு இரத்தத்தில் அதிகம் கரையாது. அதனால் வந்த வழியே, சுவாசப்பை வழியாக, வேகமாக வெளியேறிவிடும். கொஞ்ச நேரத்தில் பிள்ளை எழுந்து நடந்து போகும்.

மூக்கு அடைத்திருந்தால் இது சரிவராது. மாரி காலத்தில் சளியோடு போகும் பிள்ளைக்கு வாயு உள்ளே போகாது, தேதியை மாற்றச் சொல்வார்கள். சிலருக்குச் சத்தி வரலாம். முகமூடி வைக்கவே விடாத சின்னப் பிள்ளைகளும் உண்டு. இன்னொரு எச்சரிக்கை: விளையாட்டுக்காக இந்த வாயுவை முகர்கிற பழக்கம் சில நாடுகளில் இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. அடிக்கடி முகர்ந்தால் உடம்பில் விற்றமின் பி12 செயலிழந்து நரம்புகள் பழுதாகும், நடையே தடுமாறும். வைத்தியர் கையில் அளந்து கொடுக்கும்போதுதான் அது மருந்து.

வாயு இல்லாத இடத்தில், அல்லது வாயு போதாத பிள்ளைக்கு, குடிக்கிற மருந்து ஒன்று இருக்கிறது. மிடசோலம். கசப்பாக இருப்பதால் இனிப்புப் பாணியில் கலந்து கொடுப்பார்கள். இருபது, முப்பது நிமிடத்தில் பிள்ளை சொக்கும். மூளையில் இயல்பாகவே அமைதியைத் தரும் காபா என்ற இரசாயனத்தின் வேலையை இது பலப்படுத்துகிறது. சிகிச்சையின்போது நடந்தது பிறகு ஞாபகத்திலும் சரியாக நிற்காது. கூட்டிக் கூட்டி ஞாபகம் வைக்கிற பயத்தைப் பற்றி முன்னே சொன்னேன் அல்லவா, அதற்கு இது நல்லது. ஆனால் சில பிள்ளைகளுக்கு நேர்மாறாக வேலை செய்யும், அமைதியாவதற்குப் பதிலாக அழுது ஆர்ப்பாட்டம் செய்வார்கள். யாருக்கு அப்படி ஆகும் என்று கொடுத்த பிறகுதான் தெரியும். வாயுவைப்போல இதைக் கூட்டிக் குறைக்கவும் முடியாது, குடித்தது குடித்ததுதான். அதனால்தான் கொடுப்பதற்கு முன் உங்களைத் தராசில் ஏற்றி நிறுத்துக் கிலோக் கணக்கில் மருந்தை அளக்கிறார்கள்.

டொக்டர்மார் இதற்கெல்லாம் பொதுவாகச் 'செடேஷன்' என்பார்கள். முழு மயக்கம் வேறு, இது வேறு. ஆனால் இரண்டுக்கும் நடுவில் சுவர் எழுப்பி வைக்கவில்லை. நம் வாவியில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள். கரையில் கணுக்கால் தண்ணீர், கொஞ்சம் தள்ளி முழங்கால், இன்னும் தள்ளி இடுப்பு. எந்த அடியில் ஆழம் தொடங்குகிறது என்று மேலே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது, காலடி வைப்பவருக்கும் தெரியாது. செடேஷனும் அப்படித்தான். இலேசான அமைதி, பிறகு தட்டினால் கண் திறக்கும் தூக்கம், பிறகு தட்டினாலும் எழும்பாத தூக்கம், அதற்கும் அப்பால் முழு மயக்கம். ஒரே அளவு மருந்து ஒரு பிள்ளையை முழங்காலில் நிறுத்தும், இன்னொரு பிள்ளையை இடுப்பளவுக்குக் கொண்டுபோய்விடும். ஆகவே செடேஷன் கொடுப்பவர், அவர் நினைத்ததைவிட ஒரு படி ஆழத்தில் பிள்ளை போய்விட்டாலும் கைகொடுத்து மேலே எடுக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஏன் இவ்வளவு கவனம்? பிள்ளைகளின் மூச்சுக்குழாய் ஒடுக்கமானது. வாயோடு ஒப்பிட்டால் நாக்கு பெரியது, தொண்டைச் சதையும் பெரியது. தூக்கம் ஆழமானால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும். அதோடு, உடம்பு நிறைக்கு ஏற்ப ஒரு பெரிய ஆளுக்குத் தேவைப்படுவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு ஒட்சிசன் சின்னப் பிள்ளைக்குத் தேவை. மூச்சு நின்றால் அவர்களுக்குத் தாக்குப்பிடிக்கும் நேரம் குறைவு. அமெரிக்காவில் 1983 இல் பல் சிகிச்சைக்குச் செடேஷன் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் உயிரிழந்தார்கள். அதன் பிறகே, 1985 இல், அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு முதன்முதலாக இதற்கென விதிமுறை எழுதியது. அந்த விதிமுறையைப் பலமுறை திருத்தி, இன்றைக்கும் இறுக்கிக்கொண்டே வருகிறார்கள். அதன் அடிப்படை எளிமையானது: பல்லைப் பார்ப்பவர் பல்லைப் பார்க்கட்டும், பிள்ளையின் மூச்சைப் பார்ப்பதற்கு இன்னொருவர் இருக்கட்டும்.

மூச்சைப் பார்க்க அவருக்கு ஒரு கருவியும் உதவுகிறது. கொரோனாக் காலத்தில் விரலில் கவ்விக்கொள்ளும் சின்னக் கருவியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாடி ஒட்சிசன்மானி. ஜப்பானியப் பொறியியலாளர் டக்குவோ அவோயாகி 1974 இல் இதன் தத்துவத்தை வெளியிட்டார். ஒட்சிசன் நிறைந்த இரத்தமும் ஒட்சிசன் குறைந்த இரத்தமும் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் வேறுவேறு அளவில் உறிஞ்சும். விரலின் ஒரு பக்கம் ஒளியைப் பாய்ச்சி மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளந்தால், ஊசி குத்தாமலே இரத்தத்தின் ஒட்சிசன் அளவு தெரிந்துவிடும். சுகமான பிள்ளைக்கு 95க்கும் 100க்கும் இடையில் காட்டும். ஆனாலும் கருவியை மட்டும் நம்பி இருக்க மாட்டார்கள். மூச்சு தடைப்பட்டுச் சிறிது நேரம் போன பிறகுதான் அதில் எண் இறங்கும். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று கண்ணால் பார்ப்பது அதைவிட வேகமானது.

ஆழமான செடேஷனுக்கும் முழு மயக்கத்துக்கும் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். வயிற்றில் சோறு இருந்தால் அது தொண்டைக்கு ஏறிச் சுவாசப்பைக்குள் போய்விடலாம். சோறு, புட்டு, பால் என்றால் பொதுவாக ஆறு மணித்தியாலம் முன்னாலேயே நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர் என்றால் இரண்டு மணித்தியாலம் முன்பு வரை குடிக்கலாம். நோன்பு பிடித்துப் பழகிய உங்களுக்கு இது பெரிய கஷ்டமில்லை. "பாவம் பிள்ள, பசியோட போகுது" என்று உம்மம்மா இரகசியமாக ஒரு பிஸ்கட் நீட்டினால் மட்டும் வாங்க வேண்டாம். வாங்கித் தின்றுவிட்டால் டொக்டரிடம் மறைக்க வேண்டாம். ஒரு பிஸ்கட்டுக்காகத் தேதி தள்ளிப்போவது பரவாயில்லை.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். இலங்கையில் பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பதற்கென்றே பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து உதவி செய்ய, மகரகமையில் அவர்களுக்குப் பயிற்சி தொடங்கியது. நியூசிலாந்து தன் நாட்டில் 1921 இலேயே வெலிங்டன் நகரத்தில் இந்த முறையை ஆரம்பித்திருந்தது. காலால் மிதித்து ஓட்டும் துளைகருவியோடு அங்கே இந்தப் பயிற்சி பெற்ற பெண்கள் பாடசாலை பாடசாலையாக வேலை செய்து இலட்சக்கணக்கான பற்களைக் காப்பாற்றினார்கள். அப்படியிருந்தும் நியூசிலாந்துப் பிள்ளைகள் அந்தச் சிகிச்சை அறைக்கு வைத்த பட்டப்பெயர் 'கொலை வீடு'. நல்ல சேவைதான், திறமையான கைகள்தான். பயத்துக்கு மட்டும் அப்போது யாரும் மருந்து பார்க்கவில்லை.

பயத்துக்கு முதல் மருந்து புட்டியில் இல்லை. அமெரிக்கப் பல் வைத்தியர் அடல்ஸ்டன் 1959 இல் எழுதிய முறையை இன்று உலகம் முழுவதும் பிள்ளைகளின் பல் வைத்தியர்கள் படிக்கிறார்கள்: சொல், காட்டு, செய். முதலில் என்ன செய்யப் போகிறேன் என்று பிள்ளைக்கு விளங்கும் சொல்லில் சொல்ல வேண்டும். பிறகு கருவியைப் பிள்ளையின் நகத்தில் வைத்துச் சுழற்றிக் காட்ட வேண்டும். அதன் பிறகே வாய்க்குள் கொண்டுபோக வேண்டும். சொன்னதை மட்டும்தான் செய்ய வேண்டும். கையைத் தூக்கினால் நிறுத்துவேன் என்று வாக்குக் கொடுத்து, பிள்ளை தூக்கும்போது உண்மையிலேயே நிறுத்த வேண்டும். நிறுத்தும் அதிகாரம் தன் கையில் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை பெரும்பாலும் கையைத் தூக்குவதே இல்லை. இதற்கு இயந்திரம் வேண்டாம், பணம் வேண்டாம், கொஞ்சம் நேரம் போதும். பயந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். செடேஷன் இதற்குப் பிறகு வருவது, இதற்குப் பதிலாக வருவதல்ல.

ஆனால் இது போதாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களை நாம் மறந்துவிடக் கூடாது. மூன்று வயதில் பத்துப் பல் சூத்தையான குழந்தைக்கு 'சொல், காட்டு' விளங்காது. ஓட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு அந்தத் துளைகருவியின் இரைச்சலே தாங்க முடியாத நோவு. கை கால் தன் இஷ்டத்துக்கு அசையும் பிள்ளை தான் நினைத்தாலும் அசையாமல் இருக்க முடியாது. இவர்களைப் பலபேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்துப் பல்லைப் பிடுங்குவதை நான் ஏற்கவே மாட்டேன். இவர்களுக்குச் செடேஷன் சொகுசு அல்ல, அது இருந்தால்தான் அவர்களுக்குப் பல் சிகிச்சை என்ற ஒன்றே கிடைக்கும். சிலருக்குச் சத்திரசிகிச்சைக் கூடத்தில், மயக்க மருந்து நிபுணர் பக்கத்தில் இருக்க, முழு மயக்கத்தில் ஒரே நாளில் எல்லாப் பற்களையும் சரிசெய்ய வேண்டியிருக்கும். உங்கள் வகுப்பிலோ வீட்டிலோ அப்படி ஒரு தம்பியோ தங்கச்சியோ இருந்தால், அவர்களுடைய பல்லைப் பற்றியும் வீட்டாரிடம் ஞாபகப்படுத்துங்கள்.

பயந்து தள்ளிப்போடுவதில் ஆகப் பெரிய நட்டம் எங்கே என்று சொல்லட்டுமா? ஆறு வயதளவில், பாற்பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். முன்னால் ஒன்று விழவில்லையே என்பதால் அதையும் பாற்பல் என்றே வீட்டார் நினைப்பார்கள். "விழுற பல்லுத்தானே, கிடக்கட்டும்" என்று விடுவார்கள். அது விழாது, ஆயுள் முழுவதும் இருக்க வேண்டிய நிரந்தரப் பல் அது. சூத்தை சின்னதாக இருக்கும்போது ஊசிகூட இல்லாமல் அடைத்துவிடலாம். ஒரு வருடம் பயந்து ஒளிந்தால் நரம்பு வரை போய்விடலாம், பிறகு பிடுங்க வேண்டியும் வரலாம்.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். "சொல்லுக் கேக்காட்டி டொக்டரிட்டச் சொல்லி ஊசி போடுவன்" என்று பிள்ளையை மிரட்டாதீர்கள். "ஒண்டும் செய்ய மாட்டாங்க, சும்மா பாப்பாங்க" என்று பொய்யும் சொல்லாதீர்கள். ஒருமுறை ஏமாந்த பிள்ளை அடுத்த முறை வாயைத் திறக்காது. நீங்கள் உங்கள் பல்லைக் காட்டப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப்போய்ப் பக்கத்தில் இருக்க வையுங்கள்.

பிள்ளைகளே, அடுத்த முறை வாழைச்சேனையிலோ மட்டக்களப்பிலோ பல் வைத்தியரின் கதிரையில் ஏறியதும் வாயைத் திறப்பதற்கு முன் பேசுங்கள். "டொக்டர், எனக்குப் பயமா இரிக்கி" என்று தெளிவாகச் சொல்லுங்கள். பல்நோவைச் சொல்வதுபோலவே இதையும் சொல்லலாம், வெட்கமில்லை. மூக்கு அடைத்திருக்கிறதா, இழுப்பு இருக்கிறதா, இரவில் குறட்டை விடுவீர்களா, வேறு மருந்து குடிக்கிறீர்களா, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். நிறுத்த வேண்டுமென்றால் கையைத் தூக்கலாமா என்று கேளுங்கள். விறைப்பூசி போட்டிருந்தால் வீட்டுக்கு வந்தபின் உதட்டையும் கன்னத்தையும் கடித்துப் பார்க்க வேண்டாம். விறைப்பு இறங்க இரண்டு மூன்று மணித்தியாலம் ஆகும், அதுவரை சாப்பாடும் வேண்டாம்.